ரேஷனில் அரிசி இலவசம். காய்கறி மட்டும் ஏன் கையைக் கடிக்கிறது?

மாதத்தின் முதல் வாரம். ரேஷன் கடை வரிசையில் காதில் விழும் முதல் கேள்வி பெரும்பாலும் அரிசியைப் பற்றியதாக இருக்காது. "பருப்பு, பாமாயில் வந்துடுச்சாக்கா?" என்பதாகத்தான் இருக்கும். அரிசி எப்படியும் வந்துவிடும் என்ற நம்பிக்கை தமிழ்நாட்டில் அந்த அளவுக்கு ஊறிப்போயிருக்கிறது. அட்டையைக் காட்டி, கைரேகை வைத்து, இருபது கிலோ மூட்டையை வண்டியில் ஏற்றினால் வேலை முடிந்தது.

அன்று சாயங்காலம் அதே பெண் தெருமுனைத் தள்ளுவண்டி முன்னால் நிற்பார்.

"தக்காளி எவ்வளவுண்ணே?"

"கிலோ அறுவதும்மா."

"அப்ப கால் கிலோ போடுங்க. கறிவேப்பிலை கொஞ்சம் சேர்த்து வைங்க."

காலையில் இருபது கிலோ, மாலையில் கால் கிலோ. ஒரே வீட்டின் ஒரே சமையலறைக்குத்தான் இரண்டும் போகின்றன. அரிசிக்கு அரசு பொறுப்பு. காய்க்கு அவரவர் பர்ஸ் பொறுப்பு. தமிழ்நாட்டு வீடுகளின் மாதாந்திர மளிகைச் செலவைப் புரிந்துகொள்ள இந்த ஒரு வித்தியாசத்தைப் பிடித்துக்கொண்டாலே பாதி விளங்கிவிடும்.

அரிசி விலகியது, காய்கறி முன்னே வந்தது

ஒரு தலைமுறைக்கு முன்பு வீட்டுச் செலவு என்றாலே அரிசிதான். கிராமப்புற இந்தியாவில் 1999-2000இல் ஒரு குடும்பம் செலவழித்த ஒவ்வொரு நூறு ரூபாயிலும் 22 ரூபாய் தானியத்துக்கே போனது. 2022-23இல் எடுக்கப்பட்ட தேசிய வீட்டு நுகர்வுச் செலவுக் கணக்கெடுப்பில் அது சுமார் 5 ரூபாயாகச் சுருங்கியிருந்தது. அதே கணக்கெடுப்பில் கிராமங்களில் காய்கறிக்குப் போனது 5 ரூபாய் 40 காசு. அடுத்த ஆண்டுக் கணக்கெடுப்பில் 6 ரூபாய். அரிசி, கோதுமையைவிடக் காய்கறிக்கு அதிகம் செலவழிக்கும் நாடாக, கிராமங்கள் உட்பட, நாம் மாறிவிட்டோம். பாலுக்குப் போவது அதையும்விட அதிகம், 8 ரூபாய்க்கு மேல்.

இதற்குப் பல காரணங்கள் உண்டு. வருமானம் உயர்ந்தது ஒன்று. சாப்பாட்டுப் பழக்கம் மாறியது இன்னொன்று. ஆனால், ரேஷன் அரிசியை விட்டுவிட்டு இந்த மாற்றத்தைச் சொல்ல முடியாது. இலவசமாக வாங்கும் அரிசிக்கு இந்தக் கணக்கில் விலை போடவில்லை என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

தமிழ்நாட்டில் அந்த வரலாறு ஓரளவுக்கு எல்லோருக்கும் தெரிந்ததுதான். 2008 செப்டம்பரில் கிலோ ஒரு ரூபாய் அரிசி. 2011 ஜூன் முதல் இலவசம். வறுமைக் கோட்டுக்குக் கீழே, மேலே என்று பிரித்துப் பார்க்காமல் எல்லோருக்கும் அட்டை என்ற முறையைப் பிடிவாதமாக வைத்திருக்கும் மாநிலம் இது. 2016 நவம்பரில் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் சேர்ந்தபோதும் அதை விட்டுக்கொடுக்கவில்லை. இரண்டு கோடிக்கும் மேற்பட்ட குடும்ப அட்டைகள், 34 ஆயிரத்துக்கும் மேற்பட்ட கடைகள். பசிக்கு எதிரான ஏற்பாடு என்று பார்த்தால் இது பெரிய சாதனை. அதில் சந்தேகம் வேண்டாம்.

பையில் என்ன இருக்கிறது, என்ன இல்லை?

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் கீழ் ஹைதராபாத்தில் இயங்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம், ஒரு ஆள் ஒரு நாளைக்கு என்ன சாப்பிட வேண்டும் என்று ஒரு தட்டைப் போட்டுக் காட்டியிருக்கிறது. தானியம் 250 கிராம், பருப்பு வகை 85 கிராம், காய்கறியும் கீரையும் 400 கிராம், பழம் 100 கிராம், பால் அல்லது தயிர் 300 மில்லி, எண்ணெய் 27 கிராம், கொட்டை வகைகள் 35 கிராம். 2,000 கலோரிக்கான கணக்கு இது.

நான்கு பேர் கொண்ட ஒரு வீட்டுக்கு, முப்பது நாளுக்கு இதைப் பெருக்கிப் பார்த்தால் சுவாரஸ்யமான ஒரு பட்டியல் கிடைக்கிறது. தானியம் 30 கிலோ வேண்டும். முன்னுரிமைக் குடும்பம் என்றால் ஆளுக்கு 5 கிலோ வீதம் ரேஷனில் 20 கிலோ வந்துவிடுகிறது. மூன்றில் இரண்டு பங்கு தீர்ந்தது. பருப்பு 10 கிலோ வேண்டும். ரேஷனில் 30 ரூபாய்க்கு ஒரு கிலோ துவரம்பருப்பு. எண்ணெய் மூன்று கிலோவுக்கு மேல் வேண்டும். ரேஷனில் 25 ரூபாய்க்கு ஒரு பாக்கெட் பாமாயில். பால் 36 லிட்டர், பழம் 12 கிலோ, காய்கறி 48 கிலோ வேண்டும். இந்த மூன்றுக்கும் ரேஷனில் கிடைப்பது பூஜ்யம்.

நாற்பத்தெட்டு கிலோ காய்கறி என்று படித்தவுடன் பல வீடுகளில் சிரிப்பு வரும். "அவ்வளவு காய்க்கு எங்க போறது?" என்பதுதான் உடனடி பதில். கணக்குக்காக ஒரு கிலோ சராசரியாக 40 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மாதத்துக்கு 1,920 ரூபாய். 2022-23 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டுக் கிராமப்புறத்தில் ஒரு ஆளின் சராசரி மாதச் செலவு 5,310 ரூபாய்; நான்கு பேருக்கு 21,240. அந்தச் சராசரிக் குடும்பமே தன் மொத்தச் செலவில் பத்தில் ஒரு பங்கை நெருங்கும் தொகையைக் காய்க்கு எடுத்து வைக்க வேண்டும். சராசரிக்குக் கீழே இருப்பவர்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

காய்கறியில் கை வைப்பதுதான் சுலபம்

வீட்டுச் செலவில் சிலவற்றைத் தள்ளிப்போட முடியாது. வாடகை, கரன்ட் பில், பள்ளிக் கட்டணம், குழுக் கடன் தவணை. தவணை நாளன்று பணம் இல்லையென்றால் வாசலில் ஆள் வந்து நிற்கும். தக்காளி வாங்கவில்லை என்றால் யாரும் வந்து நிற்கப்போவதில்லை. அதனால், பணம் இறுகும்போது முதலில் மெலிவது காய்கறிப் பைதான்.

அது வெளியே தெரியவும் தெரியாது. தமிழ்ச் சமையலில் காய் இல்லாமலே குழம்பு வைக்க ஆயிரம் வழி இருக்கிறது. புளிக்குழம்பு, வத்தக்குழம்பு, மிளகு ரசம், பருப்புத் துவையல், கருவாடு, தொட்டுக்கொள்ள ஒரு அப்பளம். ருசியில் குறை சொல்ல முடியாது. வயிறும் நிறைந்துவிடும். யாரும் பட்டினி இல்லை. ஆனால், தட்டில் சோறு கூடி, காய் காணாமல் போயிருக்கும்.

ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வில் தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கும், ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 57.4 சதவீதம் பேருக்கும் ரத்தசோகை இருப்பதாகத் தெரியவந்தது. ரத்தசோகைக்குக் காரணம் காய்கறிக் குறைவு மட்டுமல்ல. குடற்புழு, அடுத்தடுத்த பிரசவம், இறைச்சி குறைவாகச் சாப்பிடுவது என்று பட்டியல் நீளும். என்றாலும், அரிசித் தட்டுப்பாடு கிட்டத்தட்ட ஒழிந்துவிட்ட ஒரு மாநிலத்தில் பாதிக்கு மேற்பட்ட பெண்களின் ரத்தத்தில் இரும்புச்சத்து குறைகிறது என்றால், பிரச்சினை வயிறு நிறைவதில் இல்லை, தட்டில் எது இருக்கிறது என்பதில்தான் இருக்கிறது.

கால் கிலோவின் விலை

இன்னொரு சங்கடம், குறைவாக வாங்குபவர் கூடுதலாகக் கொடுக்க வேண்டியிருப்பது. தெருவில் ஒலிபெருக்கியோடு வரும் லோடு ஆட்டோ "தக்காளி மூணு கிலோ நூறு" என்று கூவும். நூறு ரூபாயை ஒரே நேரத்தில் எடுத்துக் கொடுக்க முடிந்தவர், மூன்று கிலோவைக் கெடாமல் வைத்திருக்க ஃபிரிட்ஜ் வைத்திருப்பவர், அந்த விலையில் வாங்கலாம். அன்றைய கூலியில் இருந்து அன்றைக்குச் சமைக்கும் வீட்டுக்குக் கால் கிலோதான் கணக்கு. கடையில் கால் கிலோவுக்குச் சில்லறைப் பிரச்சினையே தனி. கிலோ 50 ரூபாய் என்றால் கால் கிலோ 15 ஆகிவிடும். கிலோவுக்குப் பார்த்தால் 60.

இதற்கு மாற்றாகச் சந்தையில் உருவான வழிதான் கூறு. எடை போடாமல் குவித்து வைத்து ஒரு கூறு இவ்வளவு என்று விற்பது. கொஞ்சம் அடிபட்டது, கொஞ்சம் சின்னது, நாளைக்குத் தாங்காதது எல்லாம் கூறாகும். நாலு கத்தரிக்காய், ஒரு முருங்கைக்காய், ஒரு துண்டுப் பூசணி என்று சேர்த்துக் கட்டிய சாம்பார்க் காய்ப் பொட்டலமும் அதே ரகம்தான். இவற்றோடு கொசுறாக வரும் கறிவேப்பிலையும் கொத்தமல்லியும் எந்தப் புள்ளிவிவரத்திலும் ஏறாத ஒரு சின்ன மானியம். விலை ஏறினால் முதலில் நிற்பது அந்தக் கொசுறுதான்.

பணமாகக் கொடுத்தால் தீருமா?

பொருளாகக் கொடுத்தால் அரிசிதான் கொடுக்க முடியும், பணமாகக் கொடுத்தால் வேண்டியதை வாங்கிக்கொள்வார்கள் என்ற வாதம் பொருளாதார வல்லுநர்களிடம் ரொம்ப நாளாக உண்டு. அமெரிக்காவில் இருப்பது அந்த முறைதான். அங்கே நான்கு கோடிப் பேருக்கு மேல் பயன்பெறும் 'ஸ்நாப்' உணவு உதவி, மூட்டையாக வருவதில்லை. மாதாமாதம் ஒரு மின்னட்டையில் பணமாக ஏறுகிறது. அதில் காய், பழம், பால், இறைச்சி வாங்கலாம். மது, சோப்பு வாங்க முடியாது. 2009இல் டெட்ராய்ட் நகர உழவர் சந்தைகளில் தொடங்கி வேறு பல மாநிலங்களுக்கும் பரவிய ஒரு ஏற்பாட்டில், அந்த அட்டையில் ஒரு டாலருக்குக் காய் வாங்கினால் இன்னொரு டாலருக்குக் காய் சேர்த்துக் கிடைக்கும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால், 2025 நவம்பரில் அந்நாட்டு அரசு நிர்வாகம் முடங்கியபோது அட்டையில் பணம் ஏறுவதே தடைபட்டது என்பதும் அதே கதையின் இன்னொரு பக்கம்.

அவ்வளவு தூரம் போக வேண்டாம், பக்கத்திலேயே புதுச்சேரி இருக்கிறது. 2015 செப்டம்பரில் அங்கே ரேஷன் அரிசிக்குப் பதிலாக வங்கிக் கணக்கில் பணம் போடும் சோதனை தொடங்கியது. பணமா அரிசியா என்று பல ஆண்டுகள் அரசியல் சண்டை நடந்தது. மூடிக் கிடந்த ரேஷன் கடைகள் கடைசியில் 2024 அக்டோபரில், தீபாவளிக்கு முன்பு, மறுபடி திறந்தன. கொடுத்தது அரிசியும் சர்க்கரையும்.

பெண்கள் ஏன் அரிசியைக் கேட்டார்கள் என்பதற்குப் பெரிய ஆராய்ச்சி தேவையில்லை. விலை ஏறினாலும் இருபது கிலோ என்பது இருபது கிலோதான். ஆயிரம் ரூபாய் அப்படி இல்லை. அரிசி மூட்டையை வேறு யாரும் எடுத்துக்கொண்டு போய்ச் செலவழித்துவிடவும் முடியாது.

தமிழ்நாட்டில் இரண்டும் கலந்து நடக்கிறது. 2023 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய மகளிர் உரிமைத் தொகை, ஒரு கோடிக்கும் மேற்பட்ட பெண்களுக்கு மாதம் ஆயிரம் ரூபாயைக் கொண்டுவந்தது. நாளுக்கு 33 ரூபாய். மேலே சொன்ன 1,920 ரூபாய்க் காய்கறிக் கணக்கில் பாதியை இது தாங்கும், முழுத் தொகையும் காய்க்கே போனால். அப்படிப் போகாது. நகை வட்டி, காஸ் சிலிண்டர், குழந்தையின் நோட்டு என்று அதற்கு ஏற்கெனவே ஆள் காத்திருக்கும். பேருந்தில் பெண்களுக்கான இலவசப் பயணத்தால் மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சமாகிறது என்று மாநிலத் திட்டக் குழுவின் ஆய்வு ஒன்று சொன்னது. அந்த மிச்சத்திலும் ஒரு பகுதி சந்தைக்குப் போகக்கூடும். டிக்கெட் செலவு இல்லை என்பதால் தெருக்கடையை விட்டுவிட்டு இரண்டு ஸ்டாப் தள்ளியுள்ள சந்தைக்குப் போக முடிகிறது என்பதே ஒரு லாபம்தான்.

தக்காளி விலை தாண்டிய நாட்கள்

2023 ஜூலையில் என்ன நடந்தது என்பது எல்லோருக்கும் நினைவிருக்கும். சென்னையில் தக்காளி கிலோ நூறு ரூபாயைத் தாண்டியது. நாடு முழுக்க அந்த மாதம் காய்கறி விலை முந்தைய ஆண்டைவிட 37 சதவீதம் உயர்ந்திருந்தது. மாதத்துக்குப் பத்து கிலோ தக்காளி வாங்கும் வீட்டுக்குக் கிலோ 20 ரூபாயாக இருந்தால் செலவு 200, நூறானால் ஆயிரம். தக்காளி ஒன்றுக்கே 800 ரூபாய் கூடுதல்.

அப்போது தமிழ்நாடு அரசு செய்தது கவனிக்கத்தக்கது. ஜூலை 4 முதல் சென்னையில் 82 ரேஷன் கடைகளில் தக்காளி கிலோ 60 ரூபாய்க்கு விற்கப்பட்டது. பிறகு 300 கடைகள். ஆகஸ்ட் முதல் மாநிலம் முழுக்க 500 கடைகள். 2013இல் தொடங்கிய பண்ணைப் பசுமைக் கடைகளிலும் விற்பனை நடந்தது. அரிசிக் கடையில் தக்காளி கிடைத்ததே ஜனங்களுக்கு ஒரு அதிசயம்.

விலை இறங்கியதும் அது நின்றது. ஏன் தொடரக் கூடாது என்ற கேள்விக்குப் பதில், ரேஷன் கடையின் அமைப்பிலேயே இருக்கிறது. அரிசி கிடங்கில் மாதக்கணக்கில் தாங்கும். தக்காளி மூன்று நாளைக்கு மேல் தாங்காது. கீரை மாலைக்குள் வாடிவிடும். வாடினால் எடை குறையும், எடை குறைந்தால் இருப்புக் கணக்கு உதைக்கும், உதைத்தால் விற்பனையாளர்தான் பதில் சொல்ல வேண்டும். குளிர்பதன வசதி இல்லாத, பல இடங்களில் ஒற்றை ஆள் நடத்தும் கடைகளில் இது நடைமுறைக்கு ஒத்துவருவது கஷ்டம். ஆண்டுக்கு ஒருமுறை பொங்கல் தொகுப்பில் வரும் முழுக் கரும்பு ஒன்றுதான் ரேஷன் கடைக்குப் பழக்கமான பச்சைப் பொருள். அந்த ஒரு கரும்பைக் கொள்முதல் செய்து, வெட்டி, ஏற்றி, வாடாமல் கொண்டுவந்து சேர்ப்பதற்கே ஒவ்வொரு தையிலும் எவ்வளவு பாடு, எவ்வளவு புகார்!

தள்ளுவண்டிக்காரரைக் குறை சொல்லியும் பயனில்லை. ரிசர்வ் வங்கி ஆய்வாளர்கள் 2024இல் வெளியிட்ட ஒரு கட்டுரையின்படி, தக்காளிக்கு நுகர்வோர் கொடுக்கும் நூறு ரூபாயில் விவசாயிக்குப் போய்ச் சேருவது 33 ரூபாய். வெங்காயத்தில் 36, உருளைக்கிழங்கில் 37. மீதியைச் சுங்கச்சாவடி, டீசல், சுமைக்கூலி, கமிஷன், வழியில் நசுங்கும் காய் எல்லாம் பங்கு போட்டுக்கொள்கின்றன. கோயம்பேட்டுக்கு ஆந்திராவில் இருந்தும் கர்நாடகத்தில் இருந்தும் லாரி வந்து சேர்வதற்குள் விலை பல கை மாறிவிடுகிறது.

உழவர் சந்தை: நல்ல யோசனை, நேரம்தான் ஒத்துவரவில்லை

இந்தக் கைமாற்றத்தைக் குறைப்பதற்காகவே 1999 நவம்பர் 14 அன்று மதுரை அண்ணா நகரில் முதல் உழவர் சந்தை திறக்கப்பட்டது. அடையாள அட்டை உள்ள விவசாயி நேரே கொண்டுவந்து விற்கலாம். வாடகை கிடையாது, கமிஷன் கிடையாது, தராசும் இலவசம். அன்றன்றைய விலையை அதிகாரிகள் பலகையில் எழுதி வைப்பார்கள். மொத்த விலையைவிடச் சுமார் 20 சதவீதம் கூடுதலாக, வெளிச் சில்லறை விலையைவிடச் சுமார் 15 சதவீதம் குறைவாக இருக்கும்படி அந்த விலை வைக்கப்படுகிறது. விற்பவருக்கும் லாபம், வாங்குபவருக்கும் லாபம். 2001க்குப் பிறகு சில ஆண்டுகள் கவனிப்பாரின்றிக் கிடந்து, 2006க்குப் பிறகு உயிர்பெற்று, இன்று மாநிலத்தில் 180க்கும் மேற்பட்ட சந்தைகள் இருக்கின்றன.

நம் 1,920 ரூபாய்க் கணக்கில் 15 சதவீதம் என்றால் 288 ரூபாய் மிச்சம். சின்னத் தொகை இல்லை. ஆனால், இரண்டு கோடிக்கு மேற்பட்ட அட்டைகளுக்கு 180 சொச்சம் சந்தைகள் என்றால், ஒரு சந்தைக்கு ஒரு லட்சம் குடும்பங்கள் வருகின்றன. பக்கத்தில் சந்தை அமைந்தவர்களுக்கு அது வரம். மற்றவர்களுக்குப் பேருந்துப் பயணம்.

அதைவிடப் பெரிய சிக்கல் கடிகாரம். உழவர் சந்தை விடிவதற்குள் களைகட்டிவிடும். நல்ல காய் எட்டு மணிக்குள் போய்விடும், மதியத்துக்குள் சந்தையே காலியாகும். பணி ஓய்வு பெற்றவர்கள், காலை நடைக்குப் போகிறவர்கள், வண்டி வைத்திருப்பவர்கள் மஞ்சப்பையோடு வந்து வாங்கிப் போகிறார்கள். கட்டட வேலைக்கு, வீட்டு வேலைக்கு, பின்னலாடைக் கம்பெனிக்குப் போகும் பெண் அந்த நேரத்தில் சோறு கட்டிக்கொண்டு பஸ் பிடிக்க ஓடிக்கொண்டிருப்பார். அவர் கையில் காசு வருவதும் சாயங்காலம்தான். பல இடங்களில் சனிக்கிழமை சாயங்காலம். மலிவான காய் காலையில், காசு மாலையில். இரண்டும் சந்தித்துக்கொள்வதே இல்லை.

சில உழவர் சந்தைகளை மாலையிலும் திறக்கும் முயற்சி நடந்தது. ஆனால், அதில் முன்னுரிமை உழவர் குழுக்களின் பருப்பு, சிறுதானியம், நாட்டுச் சர்க்கரை போன்ற கெடாத பொருட்களுக்கே போனது. விடியலில் பறித்த காயோடு வந்த விவசாயி மாலை வரை உட்கார்ந்திருக்க முடியாது. அவருக்கு வயலில் வேலை இருக்கிறது.

அரசுப் பணம் நேராகக் காய்கறியாக மாறித் தட்டுக்கு வரும் இடம் ஒன்று உண்டு. அது பள்ளிக்கூடச் சமையலறை. சத்துணவில் காய்க்கென்று தனி ஒதுக்கீடு இருக்கிறது. 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கி அடுத்த ஆண்டு அரசுத் தொடக்கப் பள்ளிகள் முழுக்க விரிந்த காலை உணவுத் திட்டத்தில் உப்புமாவுக்கும் பொங்கலுக்கும் தொட்டுக்கொள்ளக் காய்கறி சாம்பார் கொடுக்கிறார்கள். வாரத்தில் ஐந்து நாள் பிள்ளைக்கு ஏதோ ஒரு காய் வயிற்றுக்குள் போகிறது. அம்மாவுக்கு அப்படி ஒரு சமையலறை கிடையாது. ஏப்ரல் கடைசியில் பள்ளி மூடினால் ஜூன் வரை பிள்ளைக்கும் கிடையாது. அந்த ஒன்றரை மாதம் வீட்டில் மூன்று வேளையும் கூடுதலாக ஒரு தட்டு. ரேஷன் பை மட்டும் எப்போதும் போல அதே இருபது கிலோ.